விலையைக் கேட்பதற்கு முன்

மும்பை லாமிங்டன் ரோடிலோ தில்லி லாஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ மைக் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது விலையை. கேட்க வேண்டியது வேறு: இந்த மைக் எந்த இடத்தில் வேலை செய்யப் போகிறது?

மேடைக்கு டைனமிக், அமைதியான அறைக்கு கண்டென்சர் என்பது பால பாடம். டைனமிக் மைக்கில் காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள் அசைகிறது, அவ்வளவுதான். மின்சாரம் கேட்காது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் நிற்பது இதனால்தான். (அதற்குப் போலிகளும் அதிகம். பில் இல்லாமல் வாங்கக் கூடாது.)

கண்டென்சர் நுட்பமான காது கொண்டது. பெரும்பாலான மாடல்களுக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். வீணையின் கமகம் அதில் அழகாகப் பதியும். கூடவே மின்விசிறியின் இரைச்சலும் தெருவில் போகும் ஆட்டோவும். எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் பாடகரின் மானத்தைக் காப்பது பாதி விலை டைனமிக் மைக்தான்.

அடுத்தது திசை. கார்டியாய்டு வகைக்கு முன்னால் நன்றாகக் கேட்கும். நேர் பின்னால் மிகக் குறைவு. மானிட்டர் ஸ்பீக்கரை அங்கே வைத்தால் 'கூ' என்ற அலறல் குறையும். சூப்பர்கார்டியாய்டு வகைக்குப் பின்பக்கமும் கொஞ்சம் கேட்கும் என்பதால், ஸ்பீக்கரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். அலறலுக்கு மைக்கைத் திட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் இருக்கும் இடத்தை.

ஹெட்போனிலும் இதே நியாயம்தான். பாடிப் பதிவு செய்பவருக்குப் பின்பக்கம் மூடிய வகை வேண்டும். திறந்த வகையிலிருந்து கசியும் தாளம் மைக்கில் ஏறிவிடும். பதிந்ததைச் சீர்செய்ய உட்காருபவருக்குத் திறந்த வகையில் ஒலி இயல்பாக இருக்கும். கனத்த பாஸ் கடையில் மயக்கும். ஆனால் அதை நம்பி மிக்ஸிங் செய்த பாட்டு மற்றவர் வீட்டில் மெலிந்து ஒலிக்கும். 250 ஓம் ஹெட்போனை நேராக செல்போனில் மாட்டினால் சத்தம் போதாது. தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும். ப்ளூடூத் ஹெட்போன் கேட்பதற்கு மட்டுமே. அதில் ஒலி பல சமயம் 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதமாக வரும். பாடுபவர் தாளம் தவற அது போதும்.

வாங்கும் முன் தன் குரலில் பாடிப் பார்ப்பதும், நன்கு பழகிய பாட்டு ஒன்றைக் கேட்டுப் பார்ப்பதும் எந்த விளம்பரத்தையும்விட நம்பகமான சோதனை. அப்போதும் வால்யூம் மீது ஒரு கண் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். மைக் கெட்டால் வேறு வாங்கலாம். காதுக்கு ஸ்பேர் கிடையாது.