கடைசி இரண்டைப் பார்க்கவா போகிறோம்?

நண்பர்களே, ஒரு கேள்வி. ஓர் இனத்தில் உலகத்துக்கே இரண்டு தான் மிச்சம் என்றால், காசு கொடுத்து அதைப் போய்ப் பார்ப்பது சரியா?

கென்யாவில் நன்யுகி ஊருக்குப் பக்கத்தில் ஓல் பெஜெட்டா என்று ஒரு காப்பகம் இருக்கிறது. சுமார் 90,000 ஏக்கர். ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணை. இன்றும் அங்கே காட்டு விலங்குகளோடு மாடுகளும் மேய்கின்றன! உலகில் எஞ்சியிருக்கும் இரண்டு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள், நஜினும் அதன் மகள் ஃபாட்டுவும், இருப்பது இங்கே தான்.

2009 டிசம்பரில் செக் நாட்டு மிருகக்காட்சி சாலையிலிருந்து நான்கைக் கொண்டு வந்தார்கள். ஆப்பிரிக்க மண்ணில் குட்டி போடும் என்று நம்பினார்கள். போடவில்லை. 2014ல் சுனி என்ற ஆண் இறந்தது. 2018 மார்ச் 19ல் நஜினின் அப்பா சூடானும் போய்விட்டது. அது தான் கடைசி ஆண். இப்போது உறைய வைத்த விந்தணுவையும் ஃபாட்டுவின் கருமுட்டையையும் சேர்த்துக் கரு உருவாக்கி, தெற்கு வெள்ளை இனத்து வாடகைத் தாய் மூலம் குட்டி பெற முயல்கிறார்கள்.

"சாகப் போகிற இனத்தை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. காவலர் சம்பளம், வேலி, மோப்ப நாய் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதில் பெரும்பங்கு பார்வையாளர்கள் தருவது. 2020ல் கொரோனா வந்து சுற்றுலா படுத்துவிட்டது. அதற்காகக் காவலை ஒரு ராத்திரி நிறுத்த முடியுமா? கொம்பு வெட்டுகிறவன் லீவு போடுவதில்லையே!

என் வருத்தம் வேறு. அதே காப்பகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்புக் காண்டாமிருகங்கள் பெருகி வாழ்கின்றன. அவற்றுக்கும் கொம்பு இருக்கிறது, அவற்றைத் தேடியும் திருடன் வருகிறான். ஆனால் கைமீறிப் போகும் முன்பே காவல் போட்டதால் பிழைத்தன. வடக்கு வெள்ளை இனத்தைக் காங்கோவின் கரம்பா காட்டில் போரும் கள்ள வேட்டையும் துடைத்துவிட்டன. செக் நாட்டிலிருந்து நான்கை விமானத்தில் ஏற்றியபோது காலம் கடந்திருந்தது.

அதனால் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் 'கடைசி இரண்டு' முன்னால் போட்டோ எடுத்ததும் வண்டியைத் திருப்பிவிடாமல், புதருக்குள் நிற்கும் அந்தக் கறுப்புக் காண்டாமிருகங்களையும் தேடிப் பாருங்கள். கொடுத்த காசு என்ன செய்யும் என்பதற்கு அவை தான் சாட்சி.

நூறு இருக்கும்போது கொடுக்க மனசு வராமல், இரண்டு ஆனதும் ஓடி வருகிறோமே, ஏன்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?