காவல்காரர் எழுதிய கணக்கு

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம். அங்கே டின்னில் உணவு அடைக்கும் ஒரு தொழிற்சாலை. இரவு நேரம். ஊர் உறங்குகிறது. காவல்காரர் மட்டும் விழித்திருக்கிறார். அவர் பேஸ்பால் ஆட்டக் கணக்குகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார்!

அவர் பெயர் பில் ஜேம்ஸ். 1977-ம் ஆண்டில் அந்தக் கணக்குகளைத் தம் சொந்தச் செலவில் புத்தகமாக வெளியிட்டார். விற்றவை சுமார் 75 பிரதிகள்தான்.

வேறு ஒருவராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார். ஜேம்ஸ் விடவில்லை. ஆண்டுதோறும் எழுதினார்.

கற்பனை அணி

அவருடைய தொடக்க கால வாசகர்களில் ஒருவர் டேனியல் ஓக்ரெண்ட். இவர் 1980-ல் நண்பர்களுடன் சேர்ந்து புதிய விளையாட்டு ஒன்றைத் தொடங்கினார். ஆளுக்கு ஓர் அணி. எல்லாம் கற்பனை அணிகள்! ஆனால் வீரர்கள் உண்மையானவர்கள். அவர்களை ஏலம் கேட்டு எடுக்க வேண்டும். மைதானத்தில் அந்த வீரர்கள் நன்றாக ஆடினால், எடுத்தவருக்கு மதிப்பெண். நண்பர்கள் கூடிச் சாப்பிட்ட நியூயார்க் ஓட்டலின் பெயரையே ஆட்டத்துக்கும் வைத்தார்கள். இன்று அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் இப்படிக் கற்பனை அணி நடத்துகிறார்கள்.

இந்த ரசிகர்களுக்கு ஒரு கவலை. யாரை நம்பி ஏலம் கேட்பது? பெயரும் புகழும் மதிப்பெண் தராது. உண்மையைச் சொல்லும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் ஜேம்ஸ்.

அவர் சொன்னதில் ஒன்றைப் பாருங்கள். பந்தைத் தவற விட்டால் அது வீரரின் கணக்கில் 'தவறு' என்று எழுதப்படும். தவறு குறைந்தவர் நல்லவர் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜேம்ஸ் கேட்டார்: பந்தை நோக்கி ஓடாமலே நிற்பவர் எப்படித் தவற விடுவார்? ஓடிப்போய்ப் பிடிக்க முயன்றவருக்குத்தானே கெட்ட பெயர்! எத்தனை பந்தைத் தடுத்தார் என்றல்லவா பார்க்க வேண்டும்?

பேஸ்பாலுக்கு மட்டுமா இது பொருந்தும்? வீட்டிலும் வேலையிலும் இதே கதைதான். ஒன்றும் செய்யாதவர் மேல் குற்றம் வருவதில்லை!

நன்றி சொன்ன ரசிகர்

ஓக்ரெண்ட் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கான்சாசுக்கே சென்று ஜேம்சைப் பார்த்தார். அவரைப் பற்றி எழுதிய கட்டுரை 1981-ல் பெரிய விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. நாடே ஜேம்சை அறிந்தது. மறு ஆண்டே பெரிய பதிப்பகம் ஒன்று அவருடைய புத்தகத்தை வெளியிட்டது.

ரசிகர் செய்யக்கூடிய நன்றி இதைவிட என்ன இருக்கிறது?

விடை பெற்றார்

1988-ல் ஜேம்ஸ் ஆண்டுப் புத்தகத்தை நிறுத்திக்கொண்டார். எங்கே பார்த்தாலும் எண்கள் பெருகிவிட்டன. எண்ணுக்குப் பின்னால் இருக்க வேண்டிய யோசனை பெருகவில்லை. இது அவரை வருத்தியது. சில வாசகர்களின் கடிதங்களும் அவரைச் சலிப்படையச் செய்தன.

"நன்றாக எழுதுகிறவர் எப்படி நிறுத்தலாம்?" என்று சிலர் கோபப்படுவது உண்டு. அது நியாயம் அல்ல. 12 ஆண்டுகள் கொடுத்தவரிடம் 13-வது ஆண்டையும் உரிமையோடு கேட்க முடியாது. கொடுத்ததற்கு நன்றி சொல்வதே முறை.

குறை சொல்லும் கடிதம் உடனே தபாலில் ஏறுகிறது. பாராட்டும் கடிதமோ "நாளை எழுதலாம்" என்று நின்றுவிடுகிறது. கடைசியில், எழுதியவர் விடைபெறும் நாளில்தான் எல்லோருக்கும் அவர் அருமை தெரிகிறது!

ஜேம்சின் உழைப்பு வீண் போகவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி பின்னர் அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. 1918-க்குப் பிறகு வெற்றிக் கோப்பையையே காணாத அணி அது. 86 ஆண்டுகள் கழித்து, 2004-ல் கோப்பையை வென்றது! ஆடியவர்கள் வீரர்கள்தான். என்றாலும் அந்த வெற்றியில் பழைய காவல்காரருக்கும் பங்கு உண்டு. 2019-ல் அவர் அங்கிருந்தும் விடைபெற்றார்.

நாடு முழுவதும் கேட்ட அந்தக் குரலை முதலில் கேட்டவர்கள் சுமார் 75 பேர். அவர்கள் காசு கொடுத்து வாங்கியிராவிட்டால் அடுத்த புத்தகம் வந்திருக்குமா? எழுத்தாளரை வளர்ப்பவர் வாசகரே. பிடித்ததைப் பிடித்தது என்று, அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.