கம்பியை அழிக்காதீர்கள்

நவம்பர் தொடங்கி மே வரை, மும்பையின் பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கம் எடுத்த பூநாரைப் படங்கள் நம் இதழுக்கு வந்துகொண்டே இருக்கும். நல்ல படங்கள். ஆனால் பெரும்பாலானவற்றில் உயர்மின் கோபுரம் இல்லை. கிழக்கு விரைவுச் சாலையைத் தாண்டி, உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் ஒட்டித் தானே கடற்கழிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கோபுரமும் கம்பியும் கண்ணில் படாமல் வானத்தைப் பார்க்கவே முடியாது. படத்தில் மட்டும் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது.

2024 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பில் ஒரு வசதி வந்தது. கம்பிகளையும் கேபிள்களையும் மென்பொருளே கண்டுபிடித்து நீக்கிவிடும். முன்பு மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை இப்போது ஒரு சொடுக்கில் முடிகிறது. வேலை கடினமாக இருந்தபோது, இதைச் செய்யலாமா என்று யோசிக்கவாவது நேரம் இருந்தது.

அந்தக் கம்பிகள் எதற்காக அங்கே இருக்கின்றன? கோப்போலியில் குழாய் வழியே இறக்கிய நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1915-இல் மும்பையின் பஞ்சாலைகளுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, இந்த நகரம் வெளியிலிருந்து வரும் கம்பியை நம்பித்தான் இருக்கிறது. டிராம்பே, டஹானு மின்நிலையங்கள் கொடுப்பது போதவில்லை. 2020 அக்டோபர் 12 காலை கல்வாப் பக்கத்து மின்வழித்தடங்கள் செயலிழந்தபோது லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றன, மருத்துவமனைகள் ஜெனரேட்டரில் ஓடின. 2023 அக்டோபரில் கார்கர்–விக்ரோலி 400 கே.வி. வழித்தடம் செயல்பாட்டுக்கு வந்தது. கூடுதல் மின்சாரத்தை நகருக்குள் கொண்டுவரும் வழி அது.

2024 மே 20 இரவு காட்கோபர் மேலே துபாயிலிருந்து வந்த விமானம் பூநாரைக் கூட்டத்தில் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பறவைகள் செத்து விழுந்தன. கடற்கழியின் குறுக்கே புதிதாகப் போட்ட மின்கம்பிகள் பறவைகளின் பாதையை மாற்றியிருக்கலாம் என்று இயற்கை ஆர்வலர்கள் சிலர் அப்போதே சொன்னார்கள். இது நிரூபணமான காரணம் அல்ல. ஆனால் நாளை ஒருவர் இதை ஆராய உட்கார்ந்தால், எந்த ஆண்டில் கம்பி எங்கே இருந்தது, கூட்டம் எந்த உயரத்தில் பறந்தது என்பதற்கு நாம் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைத்தான் புரட்டுவார். 2015-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஓர் ஈரநிலத்தின் ஆவணம் அது. அதிலிருந்து கம்பியை எடுத்துவிட்டால் பொய்ச் சாட்சிதான் மிஞ்சும்.

2010-இல் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ, உக்ரைனின் ஸ்டெபான் ருடிக் வென்ற பரிசைத் திரும்பப் பெற்றது. படத்தில் தெரிந்த ஒரு கால் நுனியை அவர் அழித்திருந்தார், அவ்வளவுதான். கால் நுனிக்கே அப்படியென்றால் 400 கே.வி. வழித்தடத்துக்கு என்ன சொல்வது?

அழிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, கோபுரத்தைப் பார்த்து எடுக்கவும் பழக வேண்டும். இன்சுலேட்டர் வட்டுகள் கைகளிலிருந்து செங்குத்தாகத் தொங்கினால் அது கம்பியைத் தாங்கி மட்டும் நிற்கும் கோபுரம். அவை கம்பியோடு படுக்கையாக நீண்டு, அடியில் ஜம்பர் கம்பி வளைந்து தொங்கினால் இழுவையைத் தாங்கும் கோபுரம். வழித்தடம் திரும்பும் இடங்களில் அதைத்தான் நிறுத்துவார்கள், கால்களும் அகலமாக இருக்கும். படத்துக்கு இதுவே நல்ல ஆள். வட்டுகளை எண்ணினால் மின்னழுத்தமும் ஏறத்தாழத் தெரியும்: 220 கே.வி.க்குப் பதினான்கு அளவில், 400-க்கு இருபத்து மூன்று அளவில். பாலிமர் இன்சுலேட்டர் மாட்டிய இடங்களில் இந்தக் கணக்கு செல்லாது. ஏப்ரல் மதியத்தில் கம்பி சூடேறித் தாழ்ந்து தொங்கும். ஜனவரி விடியலில் அதே கம்பி ஏறி நிற்கும். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள்.

அகலக் கோண லென்ஸில் கோபுரம் பின்னால் சாய்ந்து விழும். தள்ளி நின்று நீள லென்ஸில், வழித்தடத்துக்கு நேர்கோட்டில் எடுத்தால் கோபுரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிற்கும். ஜெர்மனியின் பெர்ன்ட்–ஹில்லா பெக்கர் தம்பதி தொழிற்சாலைக் கட்டுமானங்களை எடுக்கத் தேடிக் காத்திருந்த மூடிய வானம் நமக்குப் பருவமழையில் மாதக்கணக்கில் கிடைக்கிறது. அவர்கள் கட்டுமானத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்துக் காட்டினார்கள். பாண்டுப்பில் நான் அதைச் சொல்லமாட்டேன். உப்புப் பாத்தியும், பின்னால் எழும் அடுக்குமாடியும், ஓதம் இறங்கியபின் கோபுரக் காலில் தெரியும் சேற்றுக் கோடும் படத்துக்குள் வந்தால்தான் அது இந்த ஊர்க் கோபுரம். கொங்கு மண்டலத்தில் 2018-இல் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து உழவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அங்கே கோபுரத்தை அது நிற்கும் வயலோடு சேர்த்து எடுக்காத படம் அவர்களுக்கு அநியாயம்.

கோபுரக் காலருகே போகாதீர்கள். கம்பிக்கு அடியில் மோனோபாடையோ செல்ஃபி குச்சியையோ உயர்த்தாதீர்கள். உயர் அழுத்த மின்சாரம் தொட்டால்தான் பாயும் என்றில்லை. துணைமின் நிலையத்தை அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டாம். காவல்துறையின் தடை ஆணையைப் பார்க்காமல் மும்பையில் டிரோனைக் கிளப்ப வேண்டாம்.

அடுத்த இதழிலிருந்து நிலக்காட்சி, பறவைப் படங்கள் அனுப்புகிறவர்கள் ரா கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். இடம், தேதி, ஓத நிலை மூன்றையும் குறிப்பிடுங்கள். கம்பியோ கோபுரமோ அழித்த படம் இனி நம் பக்கங்களில் வராது.