பருவத் தொடக்கப் போட்டிகளும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லாத கீழ்ப்படிகளும்: செயலவையின் நிலைப்பாட்டு அறிக்கை

2026ஆம் ஆண்டின் தொழில்முறை டென்னிஸ் பருவத் தொடக்கத்தையொட்டி, உலகத் தரப் போட்டி ஒன்றைக் கோலாலம்பூருக்கு மீட்டுக் கொண்டுவருமாறு அரசைக் கோரும் விண்ணப்பத்தில் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் டென்னிஸ் ஆர்வலர்களின் இவ்வமைப்பும் ஒப்பமிட வேண்டுமா என்ற கேள்வி, பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய இரு கிளைகளின் உறுப்பினர்களாலும் எழுப்பப்பட்டு, செயலவையின் இரண்டு கூட்டங்களில் விவாதிக்கப்பட்டது. இப்போதுள்ள வாசகத்தில் அவ்விண்ணப்பத்துக்கு ஒப்பமிடுவதில்லை எனப் பெரும்பான்மையால் முடிவாயிற்று. இவ்வறிக்கையின் முதல் வரைவில் இருந்த ‘எதிர்க்கிறது’ என்ற சொல் நீக்கப்பட்டு, ‘இப்போதைக்கு ஆதரிக்க இயலாத நிலையில் உள்ளது’ என்ற தொடர் கருத்தொற்றுமையின் பொருட்டு ஏற்கப்பட்டது.

பழைய வரலாறு உறுப்பினர்கள் அறிந்ததே. 2009 முதல் 2015 வரை ஆடவர் போட்டியும் 2010 முதல் 2017 வரை மகளிர் போட்டியும் கோலாலம்பூரில் நடந்தன. ஆடவர் போட்டி ஆண்டின் பிற்பகுதியில் நடந்தது. மகளிர் போட்டியோ, ஆஸ்திரேலியப் பொதுப் போட்டியின் பரபரப்பு ஓய்ந்த சில வாரங்களில், பெரும்பாலான ஆண்டுகளில் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் நடந்து, பருவத் தொடக்கத்தின் வரைபடத்தில் இந்நகரத்துக்கு ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது. ஆடவர் போட்டிக்கான உரிமம், அதாவது நாட்காட்டியில் ஒரு வாரத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் உரிமை, 2016இல் சீனாவின் செங்டு நகருக்குப் போனது. ஏறக்குறைய இதே கதைதான் சென்னையிலும் நடந்தது: நுங்கம்பாக்கத்தில் புத்தாண்டின் முதல் வாரத்தையே டென்னிஸ் வாரமாக்கிய சென்னை ஓப்பன், 2017ஆம் ஆண்டுப் போட்டியோடு புனேவுக்கு இடம்பெயர்ந்தது; பிறகு புனேயின் இடத்தில் 2024 முதல் ஹாங்காங் வந்தது.

இப்போதைய அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆடவர் தொழில்முறை அமைப்பான ஏடிபி, சவூதி அரேபியாவில் ‘மாஸ்டர்ஸ் 1000’ தரத்திலான, அதாவது வெற்றியாளருக்கு 1,000 தரவரிசைப் புள்ளிகள் தரும் புதிய போட்டி 2028 முதலே தொடங்கக்கூடும் என 2025 அக்டோபரில் அறிவித்தது. அது பிப்ரவரியில் நுழையும் என்றே பரவலாக எதிர்பார்க்கப்படுகிறது. வெற்றியாளருக்கு 250 புள்ளிகள் தரும் சிறிய போட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே ஏடிபியின் போக்காகவும் உள்ளது. ஆகவே, ‘இன்று கேட்காவிட்டால் என்றும் கிடைக்காது’ என்ற விண்ணப்பதாரர்களின் வாதத்தைச் செயலவை அடியோடு தள்ளிவிடவில்லை. ஆனால், சென்னை, புனே, கோலாலம்பூர் ஆகிய நகரங்களிலிருந்து கழன்று போன அதே வகைப் பொருளை, அதன் ஆயுளே கேள்விக்குறியாகிவிட்ட காலத்தில், பொதுப்பணத்தில் மறுபடி வாங்கி வைப்பது எந்த வகையில் விவேகம் என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் ஒரு வரி விடைகூட இல்லை.

செயலவை மிகுந்த அழுத்தத்துடன் பதிவு செய்ய விரும்புவது கீழ்ப்படிகளைப் பற்றியது. தொழில்முறை டென்னிஸ் ஓர் ஏணி. அதன் உச்சியில் நான்கு பெரும்போட்டிகளும், நடுவே ஏடிபி போட்டிகளும் மகளிர் தொழில்முறை அமைப்பான டபிள்யூடிஏவின் போட்டிகளும், அவற்றின்கீழ் ‘சேலஞ்சர்’ போட்டிகளும், அடியில் டென்னிஸின் அனைத்துலக நிர்வாக அமைப்பு நடத்தும் எம்15, டபிள்யூ15 போன்ற போட்டிகளும் உள்ளன. இப்பெயர்களில் உள்ள எழுத்து ஆடவரா மகளிரா என்பதைக் குறிக்கும். எண், மொத்தப் பரிசுத்தொகை எத்தனை ஆயிரம் அமெரிக்க டாலர் என்பதிலிருந்து வந்தது. எம்15 போட்டி ஒன்றில் ஒற்றையர் பட்டத்தை வெல்பவருக்கு 15 தரவரிசைப் புள்ளிகள் கிடைக்கும். முதல் சுற்றிலேயே தோற்பவருக்கு ஒன்றும் இல்லை. ஈட்டிய புள்ளி 52 வாரங்கள் மட்டுமே செல்லும் என்பதால், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் புள்ளி சேர்க்கும் இளையர் அவ்வாண்டு முழுவதும் அடுத்தடுத்த போட்டிகளில் நேரடியாக நுழையும் வாய்ப்பைப் பெறுகிறார். சேர்க்காதவர் ஆண்டு முழுவதும் தகுதிச் சுற்றின் வாசலில் நிற்கிறார்.

கிள்ளானிலிருந்து ஓர் இளையர் இந்த ஏணியின் முதற்படியில் கால்வைக்க விரும்பினால் எங்கே போக வேண்டும்? வாரந்தோறும் இத்தகைய போட்டிகள் நடக்கும் துனீசியாவின் மொனஸ்திருக்கோ எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்குக்கோ விமானம் மாறிப் போக வேண்டும். பயணமும் தங்கும் விடுதியும் மட்டைக்கு நரம்பு மாற்றும் செலவும் குடும்பத்தின் தலையில் விழ, அங்கே பட்டமே வென்றாலும் கைக்கு வருவது ஏறத்தாழ 2,000 டாலர். இதற்கிடையில் மலேசியப் பள்ளித் தவணை 2026இல் மீண்டும் ஜனவரிக்கே திரும்பி, சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 12ஆம் தேதி தொடங்கியது. ஆக, புதிய வகுப்பின் முதல் வாரத்தில் பிள்ளை மொனஸ்திரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளிக்கு முழுக்குப் போட வேண்டும். கோலாலம்பூரில் சில ஆண்டுகளில் இந்நிலைப் போட்டிகள் நடந்திருப்பதைச் செயலவை மறுக்கவில்லை. ஒரு குடும்பம் நம்பித் திட்டமிடும்படி, ஒவ்வோர் ஆண்டும் அதே வாரங்களில் தொடர்ந்து நடக்கும் வரிசை இல்லை என்பதே குறை.

அண்டை நாட்டவர் ஏறிய வழியைப் பார்த்தால் இது விளங்கும். 2025 மார்ச்சில் மயாமியில் சிறப்பு அனுமதியில் நுழைந்து, ஈகா ஷ்வியான்டெக்கை வீழ்த்தி அரையிறுதிவரை சென்ற பிலிப்பீன்ஸின் அலெக்சாண்ட்ரா ஈலாவை இன்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அவருடைய முதல் தொழில்முறைப் பட்டம் 2021 ஜனவரியில், 15 வயதில், ஸ்பெயினின் மனாக்கோரில் நடந்த ஒரு டபிள்யூ15 போட்டியில் கிடைத்தது என்பதைக் கொண்டாட்டத்தில் யாரும் சொல்வதில்லை. இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆடி, பிறகு சிறு போட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வென்று மேலேறி, 2025 நவம்பரில் சென்னையிலேயே டபிள்யூடிஏ பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். 2009 ஜனவரியில் சென்னை ஓப்பனில் சிறப்பு அனுமதியில் நுழைந்து இறுதியாட்டம்வரை போன சோம்தேவ் தேவ்வர்மனும் வானத்திலிருந்து குதித்தவரல்லர். அதற்கு முன்பே அமெரிக்கக் கல்லூரிப் பட்டத்தை இருமுறை வென்றிருந்தார்.

‘சிறப்பு அனுமதி’ என்பது தரவரிசை போதாத ஆட்டக்காரரைப் போட்டி நடத்துவோர் தம் விருப்பப்படி பிரதான சுற்றில் சேர்க்கும் முறை. உள்ளூர் இளையருக்கு அது வாய்ப்பாகும் என்பது விண்ணப்பத்தின் மையவாதம். கோலாலம்பூரில் ஆடவருக்கு ஏழும் மகளிருக்கு எட்டுமாகப் பதினைந்து ஒற்றையர் இறுதியாட்டங்கள் நடந்தன; அவற்றில் ஒன்றில்கூட மலேசியர் ஒருவர் நிற்கவில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இங்கே இறுதியாட்டத்தில் தோற்ற பிரெஞ்சுக்காரர் ஜூலியன் பெனட்டோவைப் பற்றி இரக்கத்தோடு பேசத் தெரிந்த இந்நகரம், தன் பிள்ளைகள் அந்தக் களத்தில் அலங்காரத்துக்கு வைத்த பூச்சட்டிகளாக இருந்ததைப் பற்றிப் பேசவில்லை. இவ்வாக்கியம் கடுமையானது எனச் செயலவையில் ஆட்சேபம் எழுந்தது. ஆயினும் வாக்கெடுப்பில் நிலைத்தது. கோலாலம்பூர் மகளிர் போட்டியின் கடைசி ஆண்டான 2017இல் பட்டம் வென்ற ஆஷ்லி பார்ட்டி, சிறப்பு அனுமதியால் வந்தவரல்லர். தகுதிச் சுற்றில் ஆடி வென்று நுழைந்தவர். அதுவே அவருடைய முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம். ஈராண்டில் உலகின் முதல்நிலை வீராங்கனையானார். இந்நகரில் அரங்கேறிய மிகச் சிறந்த கதையே கீழ்ப்படியிலிருந்து ஏறிய கதை என்பது விண்ணப்பதாரர்களுக்கு நினைவில்லை போலும்.

கீழ்ப்படிகளே முதலில் வேண்டும் என்பதையே எண்களும் சொல்கின்றன. கோலாலம்பூர் ஆடவர் போட்டியின் பரிசுத்தொகை அதன் கடைசி ஆண்டில் 1 மில்லியன் டாலரை ஒட்டியிருந்தது. இந்தத் தரப் போட்டிகளில் நட்சத்திரங்களுக்கு வென்றாலும் தோற்றாலும் தரப்படும் ‘வருகைத் தொகை’ அதில் சேராது. அந்தப் பரிசுப்பணம் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட எம்15 போட்டிகளின் பரிசுத்தொகைக்குச் சமம். நடுவர், பந்து, விருந்தோம்பல் ஆகிய செலவுகளைச் சேர்த்தால் இந்த எண்ணிக்கை கணிசமாகக் குறையும் என்பதைப் பொருளாளர் சுட்டிக்காட்டியுள்ளார். பாதிக்கும் கீழே குறைந்தாலும் வாதம் குறையாது.

ஆடுவதற்கு இடமும் வேண்டும். மாலை இடிமழை விட்டபின் பொதுத் திடலில் தேங்கிய நீரைப் பெற்றோரும் பிள்ளைகளுமாகத் துடைப்பத்தால் தள்ளி, ஈரத்தில் கனத்துப்போன பந்துகளைக் கம்பி வேலியோரம் உலர்த்தி, விளக்குக்கு மணிக்கணக்கில் தனிக்கட்டணம் கட்டி ஆடுவதுதான் இவ்வட்டாரத்தின் ‘உயர்தரப் பயிற்சி’. அப்படிக் கிடைத்த திடலிலும் இப்போது பிக்கல்பாலுக்கான கோடுகள் விழுந்துவிட்டன. ஒரு டென்னிஸ் திடலின் பரப்பில் நான்கு பிக்கல்பால் திடல்கள் அடங்கும். வாடகை வருமானமும் அதற்கேற்பக் கூடும். ஆண்டுக்கணக்கில் பதிவு செய்துவந்த சனிக்கிழமைக் காலை நேரத்தை உறுப்பினர்களின் பயிற்சிக் குழு ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் இழந்தது. பிக்கல்பால் ஆடுவோர்மீது இவ்வமைப்புக்கு எந்தக் குறையும் இல்லை என்ற வாக்கியம், சில உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே சேர்க்கப்படுகிறது.

போட்டிகள் இங்கே நடந்த காலத்தில் கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, எல்ஆர்டியில் மஸ்ஜித் ஜாமெக் போய், அங்கே மறுபடி மாறிப் புக்கிட் ஜாலில் சென்று ஆடவர் போட்டியைப் பார்த்த உறுப்பினர்களின் ஏக்கம் செயலவைக்குப் புரியாததன்று. செயலவையினரில் பாதிப்பேர் அந்த ரயிலில் இருந்தவர்களே. அப்போட்டி நடந்த, பின்னர் ஆக்சியாட்டா அரங்கம் எனப் பெயர் மாறிய புத்ரா உள்ளரங்கம், ஜனவரியில் மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டிக்கு நிரம்பி வழிகிறது. மலேசிய ஆட்டக்காரர் களத்தில் இருப்பதால் அது நிரம்புகிறது. பள்ளி, மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக ஆடி வந்ததால் அவர் களத்தில் இருக்கிறார்.

பிற விஷயங்கள் சுருக்கமாக: சுற்றுலா வருமானம் பற்றிய மதிப்பீடுகளை ஏற்கவோ மறுக்கவோ செயலவையிடம் தரவு இல்லை. வெப்பமும் மழையும் திறந்தவெளிப் போட்டிக்கு இடையூறு என்பது உண்மையே எனினும் முடிவான தடையன்று. ஆஸ்திரேலிய ஆடவர் இறுதியாட்டம் 2026இல் பிப்ரவரி 1, தைப்பூசத்தன்றே, மலேசிய நேரப்படி மாலை 4.30க்குத் தொடங்கியதால், உறுப்பினர்களுக்குத் திட்டமிட்டிருந்த கூட்டுத் திரைக்காட்சி கைவிடப்பட்டது. பத்துமலைக்குப் போவோரைத் திரைமுன் உட்காரவைக்கும் உத்தேசம் எவருக்கும் இருக்கவில்லை.

மேற்கண்டவற்றின் அடிப்படையில், ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆடவருக்கும் மகளிருக்கும் எம்15, டபிள்யூ15 நிலையில் அடுத்தடுத்த வாரங்களில் நடக்கும் போட்டி வரிசை ஒன்றைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு உறுதி செய்யுமாறும், அதில் ஒரு வாரமாவது பள்ளி விடுமுறையில் அமையுமாறும், பொதுத் திடல்களில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு வார இறுதிக் காலை நேரத்தை ஒதுக்குமாறும் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சையும் ஊராட்சி மன்றங்களையும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது. இவை எழுத்துப்பூர்வமாக ஏற்கப்பட்டால், பெரிய போட்டிக்கான விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்யச் செயலவை தயாராக இருக்கக்கூடும். ‘தயாராக இருக்கும்’ என எழுதப் போதிய வாக்கு கிடைக்கவில்லை.

உடன்படாத இரு செயலவை உறுப்பினர்களின் மாற்றுக்கருத்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முழுமையாக வாசிக்கப்படும். அதுவரை விண்ணப்பத் தாள்கள் எந்தக் கிளையிலும் அமைப்பின் பெயரால் கையொப்பத்துக்கு வைக்கப்படமாட்டா. உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் ஒப்பமிடத் தடையில்லை.