இரண்டு பெயர்களோடு வாழ்ந்தவர்கள்

அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டு 75 ஆண்டுகள் நிறைவடைந்ததை நாடு கொண்டாடிய நாள் 2024 நவம்பர் 26. அதே நாளில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசுப் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரியிருந்தார் அவர். தந்தை இந்து, தாய் கிறிஸ்தவர். அந்தப் பெண் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர் என்பதும், தேவாலயத்துக்குத் தொடர்ந்து சென்று வருபவர் என்பதும் விசாரணையில் தெரியவந்தன. கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் தம்மை இந்து என்று கூறிக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தின் மீது இழைக்கப்படும் மோசடி என்று நீதிபதிகள் கூறினர்.

இன்றைய சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பு எதிர்பார்க்கக்கூடியதே. எனினும், 'மோசடி' என்ற அந்த ஒரு சொல்லை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. ஏனெனில், அந்தச் சொல்லுக்குள் என் தந்தையும் அடங்குவார்.

அவருக்கு இரண்டு பெயர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்தது வேதாகமப் பெயர். பள்ளிச் சான்றிதழிலும் பணிப் பதிவேட்டிலும் இருந்தது எங்கள் பாட்டனாரின் குலதெய்வப் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவராகவும் மற்ற ஆறு நாள்களில் இன்னொருவராகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தார். அலுவலக நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் சுவரில் இருக்கும் சிலுவையை அம்மா கழற்றி அலமாரிக்குள் வைப்பார். அப்பா மறைந்தபோது, சபையார் அச்சிட்ட இரங்கல் சுவரொட்டியில் ஞானஸ்நானப் பெயர் மட்டுமே இருந்தது. அஞ்சலி செலுத்த வந்த அவருடைய பழைய அலுவலகத் தோழர் ஒருவர், இது வேறு வீடோ என்று தெருமுனையிலேயே தயங்கி நின்றார். பிறகு பந்தலுக்குள் வந்து முகத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டார்.

அவர் செய்தது சரி என்று வாதிட நான் வரவில்லை. அது சரியல்ல என்று அவருக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் பிள்ளைகளான எங்களுக்கு ஒரே பெயர் வைத்தார். பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழோடுதான் நாங்கள் படித்தோம், வேலை தேடினோம். நான் கேட்க விரும்புவது வேறு. நேர்மையான ஒரு மனிதரைப் பொய்யோடு வாழவைத்த ஏற்பாடு எது? அதை உருவாக்கியவர்கள் யார்?

சட்டம் போட்ட கோடு

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தியில் இருக்கிறது அந்த ஏற்பாட்டின் வேர். இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்கிறது அது. 1956இல் திருத்தப்பட்டுச் சீக்கியர்கள் சேர்க்கப்பட்டனர். 1990இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். ஆகஸ்ட் 10ஆம் நாளைத் தலித் கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே சாதியின் பெயரால் சலுகையும் இல்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். கேட்பதற்குத் தர்க்கமாகத் தோன்றும் இந்த வாதத்தை அந்தத் திருத்தங்களே பலவீனப்படுத்திவிட்டன. சீக்கியமும் பௌத்தமும் கொள்கையளவில் சாதியை மறுப்பவையே. கொள்கை மறுத்தாலும் சமூகம் மறக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் அவர்களுக்குப் பட்டியலில் இடம் அளிக்கப்பட்டது. பழங்குடியினர் பட்டியலிலோ மதம் ஒரு நிபந்தனையாக வைக்கப்படவே இல்லை. பழங்குடியினர் ஒருவர் கிறிஸ்தவராவதால் அவருடைய பட்டியல் தகுதி தானாக முடிந்துவிடுவதில்லை.

இந்த ஆணையை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை. செருப்புத் தைப்போருக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. அப்போது நீதிமன்றம் சொன்ன காரணம் கவனத்துக்கு உரியது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்து சமூகத்தில் அவர்கள் அனுபவித்த இழிவும் பின்தங்கிய நிலையும் அதே கடுமையோடு கிறிஸ்தவ சமூகத்திலும் நீடிக்கின்றன என்பதற்குச் சான்று வேண்டும். அத்தகைய சான்று தம் முன் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

அந்தச் சான்று யாரிடம் இருக்கிறது? திருச்சபையிடம் இருக்கிறது.

திருச்சபை மறைத்த சான்று

தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் இந்தச் சான்று ஏராளம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியினரிடம் நற்செய்தியைக் கொண்டுசெல்லச் சந்நியாசிக் கோலம் பூண்டார். பின்னர் அந்த மதுரை மிஷனில் பிற சாதியினருக்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவே தோன்றியது. சீர்திருத்தச் சபைகளும் விதிவிலக்கல்ல. தஞ்சையில் இளம் மிஷனரிகள் ஆலயத்தில் சாதி வேறுபாட்டை நீக்க முற்பட்டபோது, பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்து நின்றார். சாதி வேறுபாடுகளை முற்றாகக் கைவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பியபோது, கீழ்ப்படிவதைவிடச் சபையை விட்டு விலகுவதையே பலர் தேர்ந்தெடுத்தனர்.

இவற்றைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2008 மார்ச் மாதம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. காவல்துறை துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். திருச்சியில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சுவரைப் பற்றி அறியாதவர்கள் குறைவு. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர்கள் திருவிழாவிலும் பங்கு நிர்வாகத்திலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாக முறையிட்ட மனு, 2025இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு', துறவற மடத்துக்குள் சென்ற ஒரு தலித் பெண் அங்கும் சாதியையே கண்டு வெளியேறிய கதை.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இந்தியக் கத்தோலிக்கர்களில் பெரும்பான்மையினர் தலித்துகள் என்றும் அந்த ஆவணம் கூறுகிறது. ஆயினும், ஒரு தலித் முதன்முறையாகக் கர்தினாலாக உயர்த்தப்பட்டது 2022இல்தான்.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. சாதி இல்லை என்று சொன்னால் திருச்சபையின் மானம் தப்பும். ஆனால் தலித் விசுவாசியின் உரிமை போய்விடும். சாதி இருக்கிறது என்று சொன்னால் உரிமைக்கு வழி பிறக்கும். ஆனால் பீடத்திலிருந்து பேசும் சமத்துவம் பொய்யாகிவிடும். நீண்ட காலம் நம் தலைவர்கள் தில்லியில் ஒன்றும் ஊரில் மற்றொன்றுமாகப் பேசினார்கள். என் தந்தைக்கு மட்டுமல்ல, திருச்சபைக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன.

அந்நியர் என்ற சொல்

கிறிஸ்தவர்கள் இந்த உலகத்தில் அந்நியர்கள் என்பது எங்கள் விசுவாசத்தின் பழைய போதனை. பேதுருவின் முதல் நிருபம் அன்றைய சின்ன ஆசியாவில் சிதறி வாழ்ந்த விசுவாசிகளை அவ்வாறுதான் அழைக்கிறது. சிறுவயதில் ஞாயிறுதோறும் இதைக் கேட்டு வளர்ந்தேன். நிலமில்லாதவர்கள் நிறைந்த எங்கள் சபையில் அது ஆறுதலாகவே ஒலித்தது. இந்த ஊர் நமக்குச் சொந்தமில்லை என்றால் என்ன, நமக்கு வேறொரு நகரம் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

வளர்ந்த பிறகுதான் ஒரு வேறுபாடு புரிந்தது. அந்நியமாதலில் இரண்டு வகை உண்டு. பணத்தையும் அதிகாரத்தையும் பழிவாங்குதலையும் போற்றும் உலகத்தோடு ஒத்துப்போக மறுப்பதால் வருவது ஒன்று. அது விசுவாசி தானாக விரும்பி ஏற்பது. அதில் கண்ணியம் உண்டு. மற்றவர்கள் கோடு போட்டு, அதற்கு அப்பால் நிற்கச் சொல்வதால் வருவது இன்னொன்று. அதில் விசுவாசம் எதுவும் இல்லை, அநீதி மட்டுமே இருக்கிறது. இரண்டாவதைத் தாங்கிக்கொள்ள முதலாவதை மருந்தாகக் கொடுப்பது, வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். கல்லறையில் தனி இடம் ஒதுக்கியவரே பரலோகத்தில் ஒரே இடம் என்று பிரசங்கிப்பதில் பொருளில்லை.

இன்றைய சட்டமோ இந்த இரண்டையும் விசித்திரமாகப் பிணைத்துவிட்டது. பெயரளவில் கிறிஸ்தவராக இருந்து, ஆலயத்தின் பக்கம் தலைவைக்காதவர் தப்பிவிடுகிறார். ஞாயிறுதோறும் ஆராதனைக்குச் செல்பவரே அகப்பட்டுக்கொள்கிறார். விசுவாசம் ஆழமாக ஆழமாக, உரிமை குறைகிறது. ஒருவருடைய மனச்சாட்சிக்கு விலை வைக்கும் சட்டம், மதச் சுதந்திரத்தை உறுதியளிக்கும் அரசமைப்பின் 25ஆம் பிரிவோடு எப்படிப் பொருந்தும்?

மறுதரப்பின் நியாயம்

எதிர்க்கருத்துகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பட்டியலில் புதியவர்களைச் சேர்த்தால், இருக்கும் பங்கு சுருங்கும் என்று இந்து தலித் சகோதரர்கள் அஞ்சுகின்றனர். மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவர்கள் வாய்ப்புகளை அள்ளிக்கொள்வார்கள் என்ற கவலையும் உண்டு. இந்த அச்சத்தை வெறுப்பு என்று தள்ளுவது தவறு. நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்டவர் தமக்குக் கிடைத்த சிறு பங்கைக் காத்துக்கொள்ள நினைப்பது இயல்பு. புதிதாகச் சேர்பவர்களின் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டின் அளவையும் உயர்த்துவது அல்லது உள்ஒதுக்கீடு செய்வதுதான் இதற்கு விடையாக இருக்க முடியும். ஒரே தெருவில் வாழும் இரு உறவினர்களை ஒரு ரொட்டித் துண்டுக்காக மோதவிடும் ஏற்பாடு இருவருக்கும் நல்லதல்ல.

மேலும், இது வேலைவாய்ப்பு சார்ந்த கேள்வி மட்டுமன்று. சாதியின் பெயரால் தம்மைத் தாக்கினார்கள் என்று ஒரு போதகர் கொடுத்த வழக்கில், அவர் கிறிஸ்தவர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் கூறியது. அடிக்கிறவன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. அடி வாங்கியவரிடம் மட்டும் சட்டம் அதைக் கேட்கிறது.

இனி செய்ய வேண்டியவை

பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. 2009இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை செயலுக்கு வரவில்லை. தமிழகச் சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் இதே கோரிக்கையை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. 2022 அக்டோபரில் இரண்டு ஆண்டுக் கெடுவோடு அமைக்கப்பட்ட நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்துக்குக் காலநீட்டிப்பும் வழங்கப்பட்டது. ஆணையத்துக்குப் பின் ஆணையம் என்று தள்ளிப்போடுவது, பதில் சொல்லாமல் இருப்பதற்கான நாகரிகமான வழியாகிவிடக் கூடாது. ஒன்றிய அரசு ஏற்பதோ மறுப்பதோ, காரணத்தோடு சொல்லட்டும்.

ஆனால் அரசுக்காகக் காத்திருக்காமல் திருச்சபை செய்யக்கூடியவை பல உண்டு. கல்லறைச் சுவரை இடிக்க நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. திருவிழாத் தேர் எல்லாத் தெருக்களுக்கும் போக, குடியரசுத் தலைவரின் ஆணை வேண்டியதில்லை. நம் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் தலித் கிறிஸ்தவர்களுக்கு எத்தனை இடம் கிடைக்கிறது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மறைமாவட்டமும் பேராயமும் தன் சொந்தப் பாவத்தின் பட்டியலைத் தானே எழுதி, நீதிமன்றம் 1985இல் கேட்ட சான்றாகச் சமர்ப்பிக்கலாம். பாவ அறிக்கை செய்வது எங்களுக்குப் புதிதல்ல, ஞாயிறுதோறும் செய்கிறோம். இந்த முறை அதை ஆலயத்துக்கு வெளியே செய்ய வேண்டும், அவ்வளவே.

என் தந்தையின் கல்லறையில் ஞானஸ்நானப் பெயரைத்தான் பொறித்தோம். மற்றொரு பெயர் அம்மாவின் குடும்ப ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் மீதமிருக்கிறது. மாதந்தோறும் வங்கியில் அந்தப் பெயரை அவர் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். அவர் அப்படித் தாழ்த்த வேண்டியிராத ஒரு நாட்டையும், அதைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரு சபையையும் எதிர்பார்ப்பது, ஒரு விசுவாசிக்கும் ஒரு குடிமகனுக்கும் பேராசையாக இருக்க முடியாது.