ஒரு பிளவுஸுக்கு எத்தனை மணி நேரம்?

"ஆரி வொர்க்குக்கு 1,200 ரூபாயா? ரொம்ப ஜாஸ்தியா இருக்கேம்மா!"

தை மாசக் கல்யாணத்துக்காக ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டது இது. என் மனைவிக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "சரி, 100 ரூபா குறைச்சுக் குடுங்க" என்றுவிட்டாள்.

உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குச் சுருக்கென்றது. அதே தப்பை ரொம்ப நாள் செய்தவன் நான். மணிக்கு இவ்வளவு என்று பில் போடும் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. மாதக் கடைசியில் 'ஒரு 60 மணி நேரம் ஆகியிருக்கும்' என்று குத்துமதிப்பாக எழுதுவேன். வாட்சன் என்ற குட்டி மென்பொருளைப் போட்ட முதல் மாதமே அது 78 என்று காட்டியது. போனில் பேசியது, 'சின்னத் திருத்தம்தான் சார்' என்று வந்தவை எல்லாம் அதுவரை தர்மக் கணக்கில் போயிருக்கின்றன.

வாட்சனுக்கு அழகான திரையெல்லாம் கிடையாது. கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையில் 'வாட்சன் ஸ்டார்ட்' என்று அடித்து வேலையின் பெயரைப் போட்டால் கடிகாரம் ஓடும். 'வாட்சன் ஸ்டாப்' என்றால் நிற்கும். 'வாட்சன் ரிப்போர்ட்' என்று கேட்டால், கடைசி ஏழு நாளில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று கூட்டிச் சொல்லும். ஆரம்பிக்க மறந்துவிட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சில ஆபீஸ்களில் போடும் மென்பொருள் போல அடிக்கடி திரையைப் படம் பிடித்து மேலாளருக்கு அனுப்புகிற வேலை இதில் இல்லை. கணக்கு நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலாகக் கிடக்கும். இலவசம்.

"எனக்கு அந்தக் கறுப்புத் திரையெல்லாம் வேணாங்க. போன்ல இருந்தா சொல்லுங்க" என்றாள் மனைவி. டாகிள் ட்ராக் போட்டுக் கொடுத்தேன். 2006இல் எஸ்டோனியாவில் தொடங்கியது. பிரவுசரிலும் ஓடும், போனிலும் ஓடும். ஒரே பட்டன்: தொட்டால் ஓடும், மறுபடி தொட்டால் நிற்கும். ஆனால், இதில் கணக்கு அவர்கள் சர்வருக்குப் போகிறது. அதனால் வாடிக்கையாளர் பெயரைப் போடாமல் 'பச்சைப் பட்டு' என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

ஒன்பது நாளில் பச்சைப் பட்டு முடிந்தது. மொத்தம் 22 மணி நேரம். சண்முகம் சாலையில் வாங்கிய ஜரி, மணி, நூல் 220 ரூபாய். கையில் வந்த 1,100இல் அதைக் கழித்தால் 880. மணிக்கு 40 ரூபாய்!

அதைவிட என்னை உட்கார வைத்தது இன்னொன்று. அந்த 22 மணி நேரத்துக்குள் 41 தடவை பட்டனை நிறுத்தி, திரும்ப ஓட்டியிருக்கிறாள். குக்கர், தண்ணீர் மோட்டார், பையனின் ஸ்கூல் வேன், 'காபி இருக்கா?' என்ற என் குரல். ஒரே மூச்சில் உட்கார்ந்த அதிகபட்ச நேரம் 48 நிமிடம். பாட்டி கணக்கில் இரண்டே நாழிகை.

2019இல் மத்தியப் புள்ளியியல் துறை நாடு முழுக்க இப்படி நேரக் கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஆணுக்கு 97. எங்கள் வீட்டில் 97 வருமா என்று நான் அளந்து பார்க்கவில்லை, தைரியம் இல்லை.

"சமையலுக்கும் ஒரு தலைப்பு போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"போடலாம். பில்லை யாருக்கு அனுப்புறது?" என்றாள்.

போன வாரம் அடுத்த ஆர்டர் வந்தது. 1,700 ரூபாய் என்றாள். வந்தவர் முகம் சுளித்ததும் போனைத் திறந்து 'பச்சைப் பட்டு' கணக்கைக் காட்டினாள். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ராத்திரி பதினொரு மணிக்கெல்லாம் தைச்சிருக்கீங்களேம்மா" என்றார். 1,500க்குப் பேச்சு முடிந்தது. அதற்கு மறுநாள் வந்தவர் கணக்கைப் பார்க்கவே இல்லை, சேலையூரில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று போனார். இன்னும் வரவில்லை.