உடும்பின் வால்

தமிழ் முதுகலை படித்து, கல்லூரியில் இலக்கணமும் சங்க இலக்கியமும் கற்பித்து வரும் நாம், லினக்ஸ் கெர்னலைப் பற்றி எழுதப் புகுவது இப்பக்கங்களின் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். பொறியாளர்க்குரிய பொருளில் புலவர்க்கென்ன வேலை என்று கேட்போரும் உண்டு. அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். பொன்னிற உடும்பு ஒன்றை அரசனின் ஆட்கள் துரத்த, அது புற்றுக்குள் நுழைந்துகொண்டதென்றும், புற்றை வெட்டியபோது இறைவன் வெளிப்பட்டானென்றும் தலபுராணம் கூறும். அங்குள்ள சுயம்பு இலிங்கம் உடும்பின் வால் வடிவில் இருக்கிறது. இக்கதையை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு.

நம் முன்னாள் மாணவர் ஒருவரின் வீடு அவ்வூரில் இருக்கிறது. தந்தையார் பட்டுத்தறி நெய்பவர். மாணவர் தமிழ் இலக்கியத்தில் இளங்கலை முடித்தவர். எங்கோ கழித்துக்கட்டிய பழைய கணினி ஒன்றை வாங்கி வந்து, அதில் லினக்ஸை மூலநிரலிலிருந்தே கட்டிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். இதற்கென ஜெரார்டு பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃபிரம் ஸ்கிராட்ச்' என்னும் வழிகாட்டி நூல் உண்டு. விடுமுறையில் நாமும் உடன் அமர்ந்தோம்.

கெர்னல் என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நிற்பது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதி வெளியிட்ட சிறு நிரல், இன்று பதினாயிரத்துக்கும் மேற்பட்ட அமைவுத் தேர்வுகளைக் கொண்டதாக வளர்ந்திருக்கிறது. 'மேக் மெனுகான்ஃபிக்' என்று ஆணையிட்டால் அத்தேர்வுகள் பட்டியல்களாக விரியும். பெரும்பாலானவற்றுக்கு மூன்று விடைகள் உண்டு. 'ஒய்' என்றால் அக்கூறு கெர்னலுக்குள்ளேயே சேரும். 'எம்' என்றால் வேண்டும்போது வட்டிலிருந்து ஏற்றிக்கொள்ளும் தனி மாட்யூலாக நிற்கும். 'என்' என்றால் விலக்கப்படும்.

கட்டி முடித்துக் கணினியைத் துவக்கினோம். எழுத்துகள் விரைந்தோடி, 'கெர்னல் பேனிக்' என்ற அறிவிப்புடன் திரை உறைந்தது. மூலக் கோப்பமைப்பை இணைக்க இயலவில்லை, அறியாத வட்டு (0,0) என்பது அக்கடைசி வரியின் பொருள்.

அன்று மாலை முழுவதும் நாம் செய்தவை அனைத்தும் தவறு. சற்று மேலே கெர்னல் ஓர் அறிவுரையும் கூறியிருந்தது. துவக்க ஆணையில் 'ரூட்' என்னும் குறிப்பைச் சரியாகக் கொடுங்கள் என்பதே அது. அதை நம்பி அக்குறிப்பை ஐந்தாறு விதமாக மாற்றினோம். பின்பு வட்டின் பாகத்தை அழித்து மீண்டும் அமைத்தோம். பின்பு கெர்னலில் கண்ணில் பட்ட பத்துத் தேர்வுகளை ஒரே வேளையில் மாற்றி மீண்டும் தொகுத்தோம். பழைய கணினியாதலால் ஒவ்வொரு தொகுப்புக்கும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. விளைவு அதே வரி. "விட்டுவிடலாம் ஐயா, தமிழ் படித்தவனுக்கு இதெல்லாம் வராது போலிருக்கிறது" என்றார் மாணவர். வட்டு கிடைக்காததைவிட அச்சொல்லே நம்மை உறுத்தியது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தந்தையார் தறியிலிருந்தபடியே, "சீலைல பழுது வந்தா மொத்தப் பாவையும் அறுத்துப் போடுவோமா சார்?" என்றார். அவர் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அமைத்த முறையின் வழிவந்தது. துளையிட்ட அட்டைகள் எந்த இழை எழும்ப வேண்டும், எது தங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு முறை வடிவம் திரும்பும்போதும் அதே இடத்தில் பழுது விழுந்தால் அட்டையைப் பார்க்க வேண்டும், சேலையின் நீளவாட்டில் ஒரே கோடாக ஓடினால் அந்தப் பாவிழையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று விளக்கினார். பழுது எங்கே, எப்படி விழுகிறது என்பதிலேயே காரணத்தின் திசை இருக்கிறது.

மறுநாள், பேனிக் ஆனபின் திரையை மேலே நகர்த்த முடியாததால், துவக்கத்தைக் கைபேசியில் படம்பிடித்து ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி வாசித்தோம். நாம் வாசியாமல் விட்ட பகுதி அறிவுரைக்குக் கீழேயே இருந்தது. 'கிடைக்கக்கூடிய பாகங்கள் இவை' என்று எழுதிய கெர்னல், அதன்பின் எதையுமே எழுதவில்லை. பாகத்தின் பெயர் பிழையாயிருந்தால் வேறு பாகங்களாவது பட்டியலில் வந்திருக்கும். வெற்றிடம் என்றால் வட்டே தென்படவில்லை என்று பொருள்.

ஏன் தென்படவில்லை? வேறொரு பாகத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய லினக்ஸில் 'எல்எஸ்பிசிஐ -கே' என்ற ஆணையைக் கொடுத்தோம். வட்டுக் கட்டுப்படுத்தியை இயக்குவது 'ஏஹெச்சிஐ' என்னும் டிரைவர் என்று அது காட்டியது. நம் கெர்னலில் அதற்கு 'எம்' கொடுத்திருந்தோம். மாட்யூல் வட்டில் இருக்கிறது, வட்டைத் திறக்க அந்த மாட்யூலே வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. பெருநிறுவனங்கள் வெளியிடும் லினக்ஸ்கள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் சிறு தற்காலிகக் கோப்பமைப்பை முன்னதாக ஏற்றி இச்சிக்கலைத் தவிர்க்கின்றன. நாம் அதை அமைக்கவில்லை.

'ஒய்' என மாற்றித் தொகுத்தோம். மீண்டும் அதே கடைசி வரி, அதே (0,0). முந்திய நாளாயிருந்தால் மாற்றம் பயனற்றது என்று முடிவு கட்டியிருப்போம். மேல்வரிகளைப் பார்த்தால் செய்தி வேறு. இம்முறை வட்டின் தயாரிப்புப் பெயர் திரையில் வந்திருந்தது. கட்டுப்படுத்தி வட்டைக் கண்டுகொண்டது, ஆனால் அதை வட்டாக வழங்கும் கூறு இல்லை. சாட்டா வட்டுகள் லினக்ஸில் ஸ்கசி வட்டுக்குரிய டிரைவர் வழியாகவே வெளிப்படுகின்றன. சாட்டாவைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கசியின் அடிப்படை தானே சேர்ந்துவிடும், ஸ்கசி வட்டு என்னும் கூறு சேராது. அதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சொல்லுக்குரிய விதியை வேறோர் இயலில் தேடிக் காண்பது இலக்கண மாணவர்க்குப் பழகிய துன்பந்தான்.

அதையும் சேர்த்தபின் எண் மாறியது. (0,0) இருந்த இடத்தில் (8,2). எட்டு என்பது ஸ்கசி வட்டுகளுக்குரிய எண், இரண்டு என்பது முதல் வட்டின் இரண்டாம் பாகம். இப்போது வட்டும் பாகமும் கிடைத்துவிட்டன, அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியவில்லை. 'எக்ஸ்ட்4' கோப்பமைப்புக்கும் 'எம்' கொடுத்திருந்தோம். அதையும் 'ஒய்' ஆக்கினோம். கணினி எழுந்தது.

மூன்று காரணங்கள். முதல் இரண்டும் ஓரெழுத்தும் மாறாத ஒரே கடைசி வரியைத் தந்தன. மாகறலில் நாம் காண்பது உடும்பின் வாலை, உடல் புற்றுக்குள் இருக்கிறது. வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததே நம் முதல்நாள் வேலை.

நம் கருத்து இதுதான். கெர்னல் பிழையைத் தீர்ப்பது முதலில் ஒரு வாசிப்புப் பயிற்சி. அப்பயிற்சி தமிழ் மாணவர்க்கு அந்நியமானதன்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தைத் துணிந்தார். ஓடும் கெர்னலின் அமைவுக் கோப்பையும் ஓடாததன் அமைவுக் கோப்பையும் பக்கத்தில் வைத்து வேறுபாடுகளைப் பிரித்தெடுப்பது அவ்வகைப் பணியே. அதற்கென 'டிஃப்கான்ஃபிக்' என்னும் கருவி மூலநிரலுடனேயே வருகிறது. ஒரு பதிப்பில் சரியாயிருந்தது அடுத்ததில் கெட்டுவிட்டால், 'கிட் பைசெக்ட்' இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கச் செய்யும். ஆயிரம் மாற்றங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றைப் பத்துச் சோதனைகளில் அணுகிவிடலாம். வேண்டுவன பொறுமையும், ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றும் கட்டுப்பாடும், மாற்றியதைத் தேதியிட்டு எழுதிவைக்கும் பழக்கமும். ஓடிக்கொண்டிருந்த பழைய கெர்னலைத் துவக்கப் பட்டியலிலிருந்து நீக்காதிருத்தலும் அவற்றோடு சேரும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஆயத்தமாகக் கிடைக்கும் கெர்னலே பெரும்பாலோர்க்குப் போதும், அதை மறுக்கவில்லை. குறுக்குவழியும் உண்டு. 2009இல் வந்த 2.6.32 பதிப்பு முதல் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்னும் ஆணை, அந்நேரம் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களைப் பார்த்துத் தானே அமைவைச் சுருக்கித் தரும். ஆனால் அப்போது செருகப்படாதிருந்த கருவியின் டிரைவரையும் அது விட்டுவிடக்கூடும். குறுக்குவழி தந்த பிழையைத் தீர்க்கவும் மேல்வரிகளை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வுக்கு வினா-விடைத் தொகுப்பின் கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்யும் வழக்கத்தை நம் வகுப்பறைகளே வளர்த்திருக்கின்றன. 'வராது போலிருக்கிறது' என்று அம்மாணவரைச் சொல்ல வைத்ததில் ஆசிரியராகிய நமக்கும் பங்குண்டு.

கெர்னலின் செய்திகள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அவற்றை மொழிபெயர்ப்பதைவிட அவற்றுக்கு உரை எழுதுவதே பயன் தரும் என்று கருதுகிறோம். இவ்வரி எப்போது வரும், இதற்கு மேலே எவ்வரியைத் தேட வேண்டும், அவ்வரி இல்லையேல் என்ன பொருள் என்று பதவுரையும் விளக்கமுமாக எழுதப்பட வேண்டும். 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதியும் நூல்களை இலவசமாக வெளியிட்டும் வந்திருக்கிறது. காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கி வந்திருக்கிறது. அவர்களுடைய தொழிலறிவோடு நம்மவரின் உரை மரபும் சேருமாயின் நல்ல நூலொன்று உருவாகும்.

மாணவர் ஒரு நோட்டில் அம்மூன்று பேனிக்குகளையும், ஒவ்வொன்றின் மேல்வரிகளையும், செய்த மாற்றத்தையும் எழுதி வைத்திருக்கிறார். சென்ற வாரம் நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. இம்முறை ஒலியட்டை பேசவில்லையாம். "இன்னும் காரணம் தெரியவில்லை ஐயா, மேலிருந்து வாசித்து வருகிறேன்" என்கிறார்.